சூரைய வெட்டத் தெரிஞ்ச கடை – திரேஸ்புரம் பக்கம் ஒரு மீன் கடை ரிவ்யூ

தூத்துக்குடில மீன் ஃப்ரெஷ்ஷா இருக்குன்னு சொல்றதுக்கு ஒரு ரிவ்யூ தேவையில்ல, அது எல்லா கடையிலயும் ஓரளவு ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கும், கடல் பக்கத்துலயே கெடக்கு. வித்தியாசம் கத்தியிலதான். நான் இங்க எழுதப்போற கடைக்கு போர்டு கெடையாது, திரேஸ்புரத்துல வள்ளம் கரைசேர்ற எடத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு தகர ஷெட்டு, ரெண்டு ஐஸ் பொட்டி, ஒரு புளியமரக் கட்டை, அவ்வளவுதான். எடை போட்டு காசு வாங்குறது ஒரு அக்கா, வெட்டுறது அவங்க வீட்டுக்கார அண்ணாச்சி. சூரை (இங்கிலீஷ்ல டூனா) வாங்கணும்னா இங்கதான் வாங்கணும்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன், ஏன்னு கேக்குறவங்களுக்கு வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

பெரும்பாலான கடைல சூரைய என்ன பண்ணுவாங்கன்னா சீலாவ வெட்டுற மாதிரியே (சென்னைக்காரங்களுக்கு வஞ்சிரம்) குறுக்க டக் டக்குனு வட்ட வட்டமா போட்டு கவர்ல கட்டிக் குடுத்துருவாங்க. வீட்ல வந்து பொரிச்சா ஒவ்வொரு துண்டுலயும் நடுவுல கறுப்பா ஒரு பகுதி, அது இரும்புத்துண்ட நக்குன ருசி, அத சுத்தி இருக்குற சதை காஞ்சு போய் தொண்டைய அடைக்கும், அப்புறம் வீட்ல இருக்குறவங்க "இனிமே சூரை வாங்காதீங்க"ன்னு சட்டம் போட்டுருவாங்க. பாவம் சூரை மேல ஒரு தப்பும் இல்ல. அது நீந்துறதுக்காக உடம்பு கட்டப்பட்டிருக்கிற விதமே வேற, சீலாவோட கணக்குல அத வெட்டுனா அப்படித்தான் வரும்.

இந்தக் கடை அண்ணாச்சி வட்டத்துண்டு போடவே மாட்டாரு. நீங்க கேட்டாக்கூட ஒரு தடவ "நாலாப் பொளந்து தாரேன் தம்பி, கொண்டு போயி பாருங்க, புடிக்கலன்னா அடுத்த தடவ வட்டமா போடுதேன்"ன்னு சொல்லுவாரு. தலைய எடுத்து, குடல எடுத்து, தோளு பக்கம் கெட்டியா கவசம் மாதிரி இருக்குற செதில் பகுதிய சீவிட்டு (சூரைக்கு உடம்பு முழுக்க செதில் கெடையாது, முன்பக்கமும் பக்கவாட்டுக் கோட்டுலயும் மட்டும்தான்), ஒல்லியான நீளக் கத்திய முதுகுல நடுமுள்ளு வரைக்கும் எறக்கி தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே இழுவ. அப்புறம் பக்கவாட்டுல நடுக்கோட்டுல ஒரு இழுவ. முதுகுப்பக்கம் ரெண்டு பாளம், வயித்துப்பக்கம் ரெண்டு பாளம்னு தனித்தனியா வந்துரும். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க லாயின்னு சொல்றது இதத்தான். ஒவ்வொரு பாளத்துலயும் உள்ஓரத்துல ஒட்டிட்டு இருக்குற கறுப்புச் சதைய தனியா சீவி ஒரு பக்கம் வச்சுருவாரு, வேணும்னா தருவாரு, வேண்டாம்னா கட்டைக்கு அடியில காத்துட்டு இருக்குற பூனைக்கு.

இந்த நாலு பாளம் அண்ணாச்சியோட கண்டுபிடிப்பு இல்ல, மீனுக்குள்ளயே அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கு. நடுமுள்ளு இடது வலதுன்னு பிரிக்குது, பக்கவாட்டுல ஒரு மெல்லிய ஜவ்வு மேல் தசை கீழ் தசைன்னு பிரிக்குது. அந்த ஜவ்வோட தடத்துல கத்தி போனா எதிர்ப்பே இருக்காது, அதான் அவரு வெட்டும்போது சத்தமே வராது. குறுக்க வெட்டுற கடைல கட்டைய போட்டு ஓங்கி அடிப்பாங்கல்ல, அந்த சத்தம் கேட்டாலே இப்பல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

இப்ப அந்தக் கறுப்புச் சதைக்கு வருவோம், ஏன்னா மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு. மீனுக்கு நீந்துறதுக்கு ரெண்டு வகைத் தசை உண்டு. நாம விரும்பித் திங்குற வெளுத்த சதைதான் உடம்புல பெரும்பகுதி, அது வேகத்துக்கு. இரை தப்பிக்கப் பாக்குது, இல்லன்னா பின்னாடி ஏதோ வெரட்டுது, அப்ப பட்டுனு ஒரு பாய்ச்சல் பாயணும்ல, அதுக்கு. ஆக்சிஜனுக்குக் காத்திருக்காம உள்ள சேத்து வச்சிருக்குற கிளைக்கோஜன எரிச்சு படுவேகமா சுருங்கும், ஆனா சீக்கிரம் களைச்சுப் போயிரும், லாக்டிக் அமிலம் சேந்துரும், அப்புறம் ரொம்ப நேரம் ஓய்வு வேணும். கறுப்பா, ரத்தச்செவப்பா இருக்குறது நாள்பூரா சலிக்காம நீந்துறதுக்கு. அதுல ரத்தக்குழாய் அதிகம், ஆக்சிஜனப் புடிச்சு வைக்குற மயோகுளோபின் அதிகம் (அந்த நெறமும் அந்த இரும்பு ருசியும் இதுனாலதான்), கொழுப்ப எரிக்குற மைட்டோகாண்ட்ரியா நெறைய. ஒரு மீன் எப்படி வாழுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா அத வெட்டிப் பாத்து எந்தச் சதை எவ்வளவு இருக்குன்னு பாத்தா போதும். வெரால பாருங்க, கெடந்த எடத்துலயே கெடந்து பக்கத்துல வந்தத டக்குனு கவ்வுற ஜாதி, உள்ள வெள்ளையோ வெள்ளை. சாளை, கும்பளா (கானாங்கெளுத்தின்னு சொல்லுவாங்க) எல்லாம் கூட்டமா ஓயாம ஓடிட்டே இருக்குறது, தோல உரிச்சா பக்கவாட்டுல கறுப்பா ஒரு பட்டை நல்லாவே தெரியும்.

அந்தப் பட்டை எங்க இருக்குன்னு கவனிக்கணும். கும்பளாவுல, சாளையில, சீலாவுல எல்லாம் அது தோலுக்கு நேர் கீழ, ஒடம்போட ஓரத்துல இருக்கும். சூரையில அது உள்ள போயி நடுமுள்ளு ஓரத்துல உக்காந்திருக்கும், அங்கருந்து வெளிப்பக்கமா நீளும், அதுவும் ஒடம்போட முன்பாதியிலதான் பருமனா இருக்கும். சீலாவும் சூரையும் ஒரே குடும்பம்தான், ஸ்காம்பிரிடே, கும்பளாவும் அதே குடும்பம், ஆனா இந்த ஒரு வித்தியாசத்துல சூரை எங்கயோ போயிருச்சு. சீலாவ குறுக்க வெட்டுனா கறுப்பு தோலோரத்துல லேசா இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல. சூரைய குறுக்க வெட்டுனா ஒவ்வொரு துண்டோட நடுவுலயும் அது இருக்கும், தப்பிக்கவே முடியாது. வட்டத்துண்டுக்கும் பாளத்துக்கும் ருசியில இருக்குற வித்தியாசம் இவ்வளவுதான்.

ஏன் உள்ள போச்சுன்னா, சூடு. மீன்னா குளிர் ரத்தம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்ல, சூரை ஜாதி அந்தப் பாடத்துல அடங்காது. ஜான் டேவின்னு ஒரு ராணுவ டாக்டர், இலங்கையில 1816 முதல் 1820 வரைக்கும் வேல பாத்தவரு, விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியோட தம்பி, கடல்ல புடிச்ச சூரை உடம்புக்குள்ள தெர்மாமீட்டர வச்சுப் பாத்து கடல்தண்ணிய விட சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூட சூடா இருக்குன்னு 1835-லயே எழுதிட்டாரு. எப்படி சூட்ட தக்க வைக்குதுங்குறத 1966-ல அமெரிக்காவுல ஃபிராங்க் கேரியும் ஜான் டீலும் விளக்குனாங்க. மீனுக்கு சூடு தங்காம போறதுக்குக் காரணம் செவுள், ரத்தம் அங்க போயி தண்ணிக்கு ரொம்ப நெருக்கமா வந்துட்டுத் திரும்புறதால சூடெல்லாம் கடலுக்குப் போயிரும். சூரையில தசையில இருந்து சூடா வர்ற ரத்தக்குழாயும் செவுள்ல இருந்து குளிர்ந்து வர்ற ரத்தக்குழாயும் ஆயிரக்கணக்கா மெல்லிசா பிரிஞ்சு ஒண்ணையொண்ணு ஒட்டி எதிரெதிர் திசையில ஓடும், வெளிய போற ரத்தம் தன்னோட சூட்ட உள்ள வர்ற ரத்தத்துக்குக் குடுத்துட்டுப் போகும், சூடு தசைக்குள்ளயே சுத்திட்டு இருக்கும். நம்ம கரையில வர்ற சாதா சூரைக்கு இந்த அமைப்பு நடுமுள்ளுக்கு அடியில இருக்கு. அண்ணாச்சி நடுமுள்ள எடுத்துப் போட்டதும் வாங்கிப் பாருங்க, வால் பக்கமா அடியில எலும்பே ஓட்டை ஓட்டையா வலை பின்னி இருக்கும், சீலா முள்ளுல அது இருக்காது. நான் அந்த முள்ள கைல வச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்குறதப் பாத்து அக்கா "கொழம்புக்கு வேணுமா, இல்ல மாலையாக் கோத்துப் போடப் போறியளா"ன்னு கேட்டாங்க.

சூடான தசை வேகமா சுருங்கும், அதிக பலத்தோட சுருங்கும், பாய்ஞ்சு முடிச்சதும் சீக்கிரம் தேறிக்கும். குளிர்ந்த ஆழத்துக்கு எறங்கி இரை தேடும்போது அங்க இருக்குற மத்த மீனெல்லாம் மந்தமா இருக்கும், இது மட்டும் துறுதுறுன்னு இருக்கும். வடக்கு அட்லாண்டிக்ல இருக்குற புளூஃபின் சூரைங்க அவ்வளவு குளிர்ல போயி மேயறது இதுனாலதான். சுறாவுல மேக்கோ, பெரிய வெள்ளைச் சுறா இதுங்களும் தனியா இதே வழிக்கு வந்து சேந்துருக்கு, செவப்புத் தசை உள்ள, சூடு உள்ள, அரிவாள் வால். சூரைக்கும் சுறாவுக்கும் ஒறவே கெடையாது, நாப்பது கோடி வருசத்துக்கு முன்னயே வழி பிரிஞ்சு போனதுங்க, ஆனா கடல்ல வேகமா ஓடணும்னா தசைய எங்க வைக்கணும்ங்குறதுல ரெண்டும் ஒரே முடிவுக்கு வந்துருக்கு.

பாளத்த தோல் உரிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா நெளிநெளியா கோடு ஓடும், படுக்கப்போட்ட டபிள்யூ எழுத்து ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடுக்குன கணக்கா. தசை ஒரே நீளக் கயிறா இல்ல, சின்னச் சின்னக் கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் நடுவுல மெல்லிய ஜவ்வு. வெளிய டபிள்யூவா தெரியறது உள்ள போகப்போக கூம்பாயிரும், டம்ளருக்குள்ள டம்ளர் சொருகி அடுக்குனா எப்படி இருக்கும், அப்படி ஒண்ணு இன்னொன்னுக்குள்ள ஏறி இருக்கும். சூரைய குறுக்க வெட்டுன துண்டுல வட்ட வட்டமா வளையம் தெரியுதே, அது அந்தக் கூம்புகளோட வெட்டுவாய்தான். ஒரு கூம்பு பல முதுகெலும்புகளத் தாண்டி நீண்டிருக்குறதால ஒண்ணு சுருங்கும்போது அதோட இழுப்பு ஒரே எடத்துல விழாம பரவி விழும், இடது பக்கம் சுருங்கி வலது பக்கம் சுருங்கி தலையில இருந்து வாலுக்கு ஒரு அலையா போகும், எங்கயும் வெட்டி இழுக்குறது கெடையாது.

இதுக்குள்ள இன்னொரு வேல நடக்குது, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். உடம்பு வளையும்போது ஓரத்துல இருக்குற தசை அதிகமா சுருங்கணும், நடுமுள்ளு பக்கம் இருக்குறது கொஞ்சமாத்தான் சுருங்கணும், அப்படின்னா ஓரத்துல இருக்குறது மட்டும் உழைச்சுட்டு உள்ள இருக்குறது சும்மா இருக்கும். ஆனா வெள்ளைச் சதை நார்கள் தலை-வால் திசையில நேரா ஓடுறதில்ல, சாய்ஞ்சு முறுக்கிட்டு ஓடுது, ஒரு கூம்புல இருந்து அடுத்த கூம்புக்கு அந்தச் சாய்வு தொடர்ந்து ஒரு சுருள்பாதையா போகுது. இதனால ஓரத்து நாரும் உள்நாரும் கிட்டத்தட்ட ஒரே அளவு சுருங்குனா போதும், எல்லாம் தனக்கு சௌகரியமான வேகத்துல வேல செய்யும். 1969-ல மெக்னீல் அலெக்ஸாண்டர்ங்குற பிரிட்டிஷ் விலங்கியல்காரர் இத கணக்குப்போட்டுக் காட்டுனாரு. சமையல்காரங்களுக்கு இதுல ஒரு சேதி இருக்கு: ஆட்டுக்கறியில நாரோட திசை பாத்து குறுக்க வெட்டுறோம்ல, மீன்ல அந்தக் கவலையே வேண்டாம், நாரெல்லாம் குட்டை, ஒரு கூம்போட தடிமன்தான். நடுவுல இருக்குற ஜவ்வு கொஞ்சம் சூடு பட்டதும் கரைஞ்சுரும், சதை இதழ் இதழா விட்டு வரும். நாம "மீன் நல்லா உதிருது"ன்னு சொல்றது அந்த ஒவ்வொரு கட்டும் தனித்தனியா பிரியுறதத்தான். தண்ணியே மீன தாங்கிப் புடிச்சுக்குறதால நெலத்துல நடக்குற மிருகம் மாதிரி தடித்தடியா ஜவ்வு அதுக்குத் தேவையில்ல, அதான் ஆடு ஒரு மணி நேரம் வேகுற எடத்துல மீன் பத்து நிமிசத்துல முடிஞ்சுருது.

வால் பக்கம் வரும்போது அண்ணாச்சி மொகம் மாறும். அங்க சதை கொறைஞ்சு வெள்ளை வெள்ளையா நரம்பு (தசைநாண்) கட்டா வரும், கத்தி மொனை போயிரும்னு திட்டிக்கிட்டே அறுப்பாரு. அதத்தான் நான் தனியா கேட்டு வாங்குவேன், ரசத்துக்கு நல்லா இருக்கும். முன்பாதியில இருக்குற செவப்புத் தசையோட இழுப்பு இந்த நாண்கள் வழியாத்தான் வாலுக்குப் போகுது. விலாங்க பாத்தா மொத்த உடம்பும் நெளியும், கும்பளாவுல பின்பாதி நெளியும், சூரையில உடம்பு வெறப்பா நிக்கும், வால் மட்டும் அடிக்கும். தசை இருக்குறது ஒரு எடம், அசைவு வர்றது வேற எடம். வால் சேர்ற கழுத்து ரொம்ப ஒல்லி, ரெண்டு பக்கமும் கெட்டியா ஒரு மேடு, விரல வச்சுத் தடவுனா தெரியும், பக்கவாட்டுல அசையும்போது தண்ணி எதிர்ப்பக் கொறைக்கும். முதுகுச் செட்டைய (துடுப்ப) அமுக்குனா ஒரு குழிக்குள்ள போயி மறைஞ்சுரும். உங்க வீட்ல பிள்ளைங்க இருந்தா கடைக்குக் கூட்டிட்டுப் போயி இந்த ஒண்ண மட்டுமாவது தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கூட்டம் இல்லாத நேரமா இருந்தா.

இன்னொண்ணு, நம்ம சாதா சூரைக்கு காத்துப்பை கெடையாது. நீந்துறத நிறுத்துனா முங்கிரும், அதோட செவுளுக்கு தண்ணி ஓடுறதே வாயத் தொறந்துட்டு முன்னால நீந்துறதாலதான், நின்னா மூச்சும் நின்னுரும். பொறந்ததுல இருந்து சாகுற வரைக்கும் ராத்திரி பகலா ஓட்டம். அந்தக் கறுப்புச் சதைய கேவலமா பாக்குறவங்க இத ஒரு நிமிசம் யோசிக்கணும், ஒரு செகண்டுகூட லீவு எடுக்காத சதை அது.

ஒரு நாள் கடையில வேகம் பத்தி பெரிய சண்ட. வரிசையில நின்ன ஒருத்தரு மயில்மீன் (செயில்ஃபிஷ்) மணிக்கு 110 கிலோமீட்டர் போகும்னு போன்ல எடுத்துக் காட்டுறாரு. எல்லா எடத்துலயும் இந்த நம்பர்தான் சுத்திட்டு இருக்கு. ஆனா மீனோட உச்ச வேகத்த அதோட வெள்ளைச் சதையே சொல்லிரும், 1975-ல வார்டில்னு ஒருத்தரு இந்த யோசனைய சொன்னாரு: சதை ஒரு தடவ சுருங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்துட்டா, வால் இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணுன்னு ஒரு முழு அடி அடிக்க அதுல ரெண்டு மடங்கு நேரம், ஒரு அடிக்கு மீன் எவ்வளவு தூரம் முன்னால போகும்னு தெரிஞ்சா பெருக்கிக்க வேண்டியதுதான், அதுக்கு மேல எந்த மீனும் போக முடியாது. 2016-ல இதே முறையில பெரிய மீன்களோட சதைய மின்சாரத்தால தூண்டி அளந்தாங்க. மயில்மீனுக்கு செகண்டுக்கு 8.3 மீட்டர் வந்துச்சு, அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். ஊளிக்கு (பாரகுடா) 6.2 மீட்டர். அட்லாண்டிக்ல இருக்குற, நம்ம சூரைக்கு நெருங்கின சொந்தக்காரச் சூரைக்கு 5.6, மணிக்கு 20 கிலோமீட்டர். மாஹி மாஹிக்கு 4. நான் இதச் சொன்னதும் அந்த அண்ணன் கடுப்பாயிட்டாரு, "அப்ப 110-ன்னு எழுதுனவன் முட்டாளா"ன்னாரு. 30 கிலோமீட்டர்ங்குறது கொறைச்சலான்னு திருப்பிக் கேட்டேன், தண்ணி காத்த விட சுமார் 800 மடங்கு அடர்த்தி, ஒலகத்துலயே வேகமா நீந்துற மனுசன் 50 மீட்டர் போக 21 செகண்டு எடுக்குறான், மணிக்கு எட்டரை கிலோமீட்டர்தான் வருது. அண்ணாச்சி தலைய தூக்காமலே "வேகமா ஓடுனது இப்ப எங் கட்டையிலதான படுத்துருக்கு"ன்னு சொல்லி சண்டைய முடிச்சு வச்சாரு.

இனி ஐஸ் விசயம், இதுக்குத்தான் இந்தக் கடைக்கு நான் அதிக மார்க் போடுறேன். சூரை செத்த பெறகும் உள்ள சூடு இருக்கும், உள்ள இருக்குற சூடு வெளிய வர நேரம் ஆகும், வலையில மாட்டி ரொம்ப நேரம் துடிச்சிருந்தா அமிலமும் சேந்திருக்கும், சூடும் அமிலமும் ஒண்ணாச் சேந்தா சதை வெளிறிப்போயி தண்ணி விட்டு கொழகொழன்னு ஆயிரும். இதோட இன்னொரு வம்பு இருக்கு. பாய்ச்சல்ல சேர்ற அமிலத்த சமாளிக்க இந்த மீனுங்க சதையில ஹிஸ்டிடின்னு ஒரு பொருள நெறைய வச்சிருக்கும். மீன ஐஸ் இல்லாம வெயில்ல போட்டுட்டா பாக்டீரியா அத ஹிஸ்டமின்னா மாத்திரும், அது வந்துருச்சுன்னா வேக வச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது, மோந்து பாத்தும் கண்டுபிடிக்க முடியாது. தின்ன கொஞ்ச நேரத்துல மொகம் செவந்து, அரிப்பு எடுத்து, தலைய வலிக்கும். "எனக்கு சூரை சேராது, அலர்ஜி"ன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேருக்கு உண்மையிலயே அலர்ஜிதானா, இல்ல ஐஸ் இல்லாத மீனான்னு எனக்கு சந்தேகம் உண்டு. இந்தக் கடைல மீன் வந்ததும் குடல எடுத்துட்டு வயித்துக்குள்ளயே ஐஸ்தூள திணிச்சு வச்சுருவாங்க, மேல ஒரு கைப்பிடி தூவி போட்டோவுக்கு போஸ் குடுக்குற ஐஸ் இல்ல. ஆப்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வருதேன்னு ஒரு கம்பெனில வாங்கிப் பாத்தேன், பேரு வேண்டாம், பெட்டி அழகா இருந்துச்சு, உள்ள வட்டத்துண்டு, ஐஸ் பாக்கெட் உருகி தண்ணியா கெடந்துச்சு.

சமையலுக்கு: முதுகுப் பாளம் நல்லா கெட்டியா, கொழுப்பு கம்மியா இருக்கும், அத ரெண்டு விரல் தடிமனுக்கு வெட்டி, மிளகு மஞ்சள் உப்பு எலுமிச்சை மட்டும் தடவி, கல்லு நல்லா காஞ்சதும் போட்டு ஒரு பக்கம் ரெண்டு நிமிசம், திருப்பி ரெண்டு நிமிசம், எறக்கிருங்க. இன்னும் கொஞ்சம் மொறுமொறுன்னு வரட்டும்னு விட்டீங்கன்னா அது மரக்கட்டை. வயித்துப் பாளம் கொழம்புக்கு, புளியும் தேங்காயும் போட்ட தூத்துக்குடி கொழம்புல கடைசியா போட்டு ஒரு கொதி. புட்டுக்கும் சூரை நல்லாருக்கும், மஞ்சள் தண்ணியில வேக வச்சு எடுத்தா மேல சொன்ன கட்டு கட்டா தானா உதிரும், சின்ன வெங்காயம் பச்சமொளகா நெறைய போட்டு வதக்கிக்கலாம். கறுப்புச் சதைய வீசாதீங்க, கொழுப்பும் இரும்பும் அதுலதான் இருக்கு, ஆனா அது சீக்கிரம் காறிப்போயிரும், அன்னைக்கே செஞ்சிரணும். எங்க வீட்ல நல்லெண்ணெய்ல பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ஈரல் வறுவல் பக்குவத்துல பண்றோம், பிள்ளைங்க தொடாது, பெரியவங்களுக்குள்ள போட்டி. மாசி இந்தக் கடைல கொஞ்சம் வச்சிருக்காங்க, வயித்துல கோடு கோடா இருக்குற வரிச்சூரைய வேக வச்சு, பொகை போட்டு, காய வச்சது, லட்சத்தீவுல மினிக்காய் பக்கம் தூண்டில்ல ஒவ்வொண்ணா புடிக்கிற மீன். சம்பலுக்கு அருமை, ஆனா வெல ஏறிப்போச்சு.

கொறைன்னு பாத்தா இல்லாம இல்ல. எடை போடுறது முழு மீனத்தான், தலை, குடல், முள்ளு, கறுப்பு எல்லாம் போனா கைக்கு வர்றது ஏறக்குறைய பாதி, புதுசா போறவங்களுக்கு ஏமாந்த மாதிரி தோணும். பாளம் போடுறதுக்கு தனிக்காசு, அதுவும் மீன் வேற கடைல வாங்கிட்டு வந்தா தொடவே மாட்டாரு, எவ்வளவு கெஞ்சுனாலும். சின்ன சூரைன்னா பாளம் போட மாட்டாரு, அது நியாயம்தான், ஒண்ணும் மிஞ்சாது. ஜிபே ஸ்கேனர் ஒட்டி வச்சிருக்காங்க, டவர் இருந்தா வேல செய்யும், கைல காசு வச்சுக்கோங்க. கார் உள்ள போகாது. ஞாயித்துக்கெழம காலைப் பூசை முடிஞ்சு கூட்டம் வந்துச்சுன்னா அண்ணாச்சிக்கு பொறுமை கெடையாது, "நாலாப் பொளக்க நேரமில்ல, நாளைக்கு வாங்க"ன்னு மொகத்துக்கு நேரா சொல்லுவாரு. தவக்காலத்து வெள்ளிக்கெழமையும் அப்படித்தான். கீழ எப்பவும் ஈரம், நல்ல செருப்பு போட்டுட்டுப் போகாதீங்க.

சீலாவுக்கு இந்தக் கடை வேண்டாம், அதுக்கு மார்க்கெட்ல நெறைய பேர் நல்லா வெட்டுறாங்க, இங்க வரவே கம்மி, வெலையும் கூடத்தான். சூரைக்கு மட்டும் வாங்க. வெல சீலாவுல பாதிக்கும் கீழ, வெட்டு ஒழுங்கா இருந்தா அந்த வெலைக்கு இதவிட நல்ல மீன் இல்லன்னு நான் சொல்லுவேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம். என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் கொறைச்சது அந்த ஞாயித்துக்கெழம மொறைப்புக்கு.

வாங்கும்போது பாக்க வேண்டியது: மார்புச் செட்டைக்குக் கீழ கறுப்புப் புள்ளி இருந்தா அது சாதா சூரை, பொரிக்கவும் கொழம்புக்கும் நல்லது, ரெண்டு கிலோவுக்கு மேல இருந்தாத்தான் பாளம் ஒழுங்கா வரும். எல்லோ ஃபின் சூரை பெருசா வந்த அன்னைக்கு அக்காட்ட சொல்லி வச்சா முழு மீன் வாங்காம ஒரு பாளம் மட்டும் தருவாங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, வள்ளத்துல வர்றது மட்டும்தான், அப்ப சூரை இருக்கான்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. மத்த நாள்ல காலையில ஏழு மணிக்குள்ள போயிட்டா நல்ல மீனும் கெடைக்கும், அண்ணாச்சியும் நல்ல மூட்ல இருப்பாரு.